கடிகாரத்துக்குப் பத்துக் காசு: சீன வழக்கங்களைச் சொல் வழியே கற்றுக்கொள்வது எப்படி

2003ஆம் ஆண்டு சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்களுக்கு வீடு கிடைத்த அதே மாதத்தில் எதிர்வீட்டுக்கும் குடிவந்தார்கள். ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் ஓர் ஆண்ட்டி, அவருடைய மகன், இருவர்தான். புது வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று சிராங்கூன் சாலையில் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி, சிவப்புத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஆண்ட்டி பிரித்துப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பத்துக் காசு ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். மறுக்கக் கூடாது என்பதைக் கண்ணாலேயே சொன்னார்.

மூன்று நாள் கழித்து, உடன் வேலை பார்க்கும் சீனப் பெண்தான் விளக்கினாள். மாண்டரினில் கடிகாரம் ‘ஜோங்’. கொடுப்பது ‘ஸோங்’. ‘ஸோங் ஜோங்’ என்றால் கடிகாரம் கொடுப்பது. உயிர் பிரிகிறவரின் பக்கத்தில் இருந்து வழியனுப்பி, இறுதிக் கடன் செய்வதற்கும் அதே ஒலிதான். பத்துக் காசு கைமாறியதால் அது பரிசாக இல்லாமல் ஆண்ட்டி என்னிடம் விலைக்கு வாங்கிய பொருளாக மாறிவிட்டது. என் மனம் நோகவில்லை, கடிகாரமும் திரும்பி வரவில்லை, சொல்லில் இருந்த தீங்கு மட்டும் கழிந்தது. இவ்வளவு நயமான ஒரு செயலை அதுவரை நான் கண்டதில்லை.

அன்றிலிருந்து கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். சீன நண்பர் வீட்டுக்குப் போகும் தமிழர்களிடம் பலரும் ‘இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே’ என்று பட்டியல் கொடுக்கிறார்கள். பட்டியல் மறந்துபோகும். சொல் மறக்காது. பெரும்பாலான வழக்கங்களுக்கு அடியில் ஒரு சொல் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் வழக்கம் தானே நினைவுக்கு வரும்.

நோட்டுப் புத்தகமும் ஒரு கேள்வியும்

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் சொல். இரண்டாவதில் அதே ஒலியுள்ள இன்னொரு சொல். மூன்றாவதில் அதனால் வந்த வழக்கம். தமிழ் எழுத்திலேயே எழுதலாம். எந்த மொழி என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். ஒரே சொல்லை மாண்டரினில் ஒருவிதமாகவும் ஹொக்கியனில் வேறுவிதமாகவும் கேண்டனீஸில் மற்றொரு விதமாகவும் சொல்வார்கள். வட்டார மொழிகளை விட்டு மாண்டரின் பேசச் சொல்லும் அரசு இயக்கம் சிங்கப்பூரில் 1979இல் தொடங்கியது. அதனால் தாத்தா பாட்டி ஹொக்கியனிலோ தியோச்சூவிலோ நினைப்பதைப் பேரப்பிள்ளை மாண்டரினில் நினைக்கிறது. யாரிடம் கேட்டீர்கள் என்பதும் முக்கியம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “யோ மெய் யோ ஷியே யின்?” இதே ஒலியில் வேறு சொல் உண்டா என்று பொருள். நான் வேலை செய்யும் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இதைக் கேட்டால் போதும், மேசையைச் சுற்றி இருக்கும் அத்தனை பேரும் பேசத் தொடங்கிவிடுவார்கள். மாண்டரினில் தொனியை, அதாவது பொருளை மாற்றும் குரலின் ஏற்ற இறக்கத்தை, விட்டுவிட்டு எண்ணினால் சுமார் 400 அசைகள்தான் இருக்கின்றன. நான்கு தொனிகளைச் சேர்த்தாலும் ஏறக்குறைய 1,300. அதற்குள் ஒரு பெருமொழி முழுவதும் அடங்க வேண்டும் என்பதால் ஒலி ஒத்த சொற்கள் குவிந்துகிடக்கின்றன. நம் புலவர்கள் தேடிப் பிடித்துப் பாடிய சிலேடை, அவர்களுக்குச் சந்தைப் பேச்சிலேயே கிடைக்கிறது.

தொனியைக் கண்டு அஞ்ச வேண்டாம். ‘மா’ என்பதை நீட்டி ஒரே உயரத்தில் சொன்னால் அம்மா, கேள்வி போல உயர்த்தினால் சணல், இறக்கி ஏற்றினால் குதிரை, அழுத்தி இறக்கினால் திட்டுவது. காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இந்த நான்கையும் சொல்லிப் பழகினேன். நமக்கு ஒரு வசதியும் உண்டு. மாண்டரினில் ‘நாள்’ என்பதற்கான சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது. பிற மொழிக்காரர்கள் தடுமாறும் இடத்தில் நம் நாக்கு தானாக மடங்கும்.

மங்கலம் என்ற இலக்கண விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. சீன மொழிகளிலும் இது அப்படியே இருக்கிறது. கேண்டனீஸில் நாக்கு என்ற பழைய சொல்லின் ஒலி நட்டத்தையும் குறிக்கும். ஆகவே சந்தையில் பன்றி நாக்கை இலாபம் என்று ஒலிக்கும் வேறொரு சொல்லால் அழைக்கிறார்கள். உணவுக்குச்சிக்குப் பழைய பெயர் ‘ஜூ’. ‘நின்றுபோ’ என்பதற்கும் அதே ஒலி. படகோட்டிகளுக்குப் படகு நிற்கக் கூடாதே! ‘விரைவு’ என்று ஒலிக்கும் ‘குவாய்’ என்று அவர்கள் மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்கிறார்கள். இன்று மாண்டரினில் உணவுக்குச்சி ‘குவாய் ஸு’. ஹொக்கியன் பேசும் முதியவர்கள் மட்டும் அந்தப் பழைய சொல்லின் வடிவத்தையே இன்றும் வைத்திருக்கிறார்கள். விளக்கை அணை என்று சொல்லாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் விளங்க எவ்வளவு நேரமாகும்?

புத்தாண்டில் தொடங்குங்கள்

சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். கொண்டாட்டம் 15 நாள். கற்பதற்கு இதைவிடச் சிறந்த காலம் இல்லை, ஏனென்றால் மேசைமேல் இருக்கும் ஒவ்வொரு தட்டும் ஒரு சொல்.

முதலில் ஆரஞ்சு. இரண்டு மாண்டரின் ஆரஞ்சுகளை இரண்டு கையாலும் கொடுங்கள். ஒன்றோ மூன்றோ கூடாது. கேண்டனீஸில் இந்தப் பழம் ‘கம்’, பொன்னும் ‘கம்’ என்றே ஒலிக்கிறது. இரண்டு ஏன்? ‘ஹாவ் ஷி செங் ஷுவாங்’, நல்லது இணையாக வரும் என்பார்கள். நீங்கள் கிளம்பும்போது அவர்களும் இரண்டு தருவார்கள். நீங்கள் கொண்டுபோனதையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பொன் கொண்டுவந்தவரைப் பொன்னில்லாமல் அனுப்பக் கூடாது என்பதுதான் அதன் கருத்து.

மீன் ‘யூ’. மிச்சமும் ‘யூ’. ‘நியென் நியென் யோ யூ’ என்றால் ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும் என்று வாழ்த்து. அதனால்தான் புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்தில் மீனை முழுதாகத் தீர்க்காமல் கொஞ்சம் விட்டுவைக்கிறார்கள். பசியோடு போயிருந்தாலும் கடைசித் துண்டை எடுக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு தட்டைக் காலி செய்து உதவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒட்டும் அரிசிமாவில் செய்யும் ‘நியென் காவ்’ பண்டத்தில் நியென் என்பது ஒட்டுவது, ஆண்டும் அதுவே. காவ் என்றால் பணியாரம் போன்ற பண்டம், உயரமும் அதுவே. ஆண்டுக்காண்டு உயர்வு. அன்னாசி ஹொக்கியனில் ‘ஓங் லாய்’, வளம் வருகிறது என்று கேட்கும். புத்தாண்டில் அன்னாசி டார்ட் இல்லாத வீடு கிடையாது. புது வீட்டுக்குள் நுழையும்போது அன்னாசிப் பழத்தை வாசலிலிருந்து உள்ளே உருட்டிவிட்டு “ஹுவாட் ஆ!” என்று கூவுவார்கள். ஹுவாட் என்றால் செழிப்பு. இதை முன்பே அறிந்திருந்தால் 2003இல் நான் அன்னாசியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். நீங்களாவது அப்படிச் செய்யுங்கள்.

முதல் நாள் வீட்டைக் கூட்ட மாட்டார்கள், நல்லதெல்லாம் குப்பையோடு வெளியேறிவிடும் என்று. தலைக்கும் குளிக்க மாட்டார்கள். முடியைக் குறிக்கும் எழுத்தும் செழிப்பைக் குறிக்கும் எழுத்தும் இன்றைய எளிய எழுத்துமுறையில் ஒன்றே, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றே. முடியை அலசினால் செழிப்பையும் அலசிவிடுவதாகும். ‘கோங் ஷி ஃபா ட்ஸாய்’ என்ற வாழ்த்தில் வரும் ஃபா அந்தச் செழிப்புதான். கடைசிச் சொல்லான ட்ஸாய், செல்வம். அந்த எழுத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இடப் பாதி சோழியின் படம். பழங்காலத்தில் சோழியைப் பணமாகப் புழங்கியதால் செல்வம், விலையுயர்வு, பொருள் முதலிய பல சொற்களின் எழுத்தில் சோழி உட்கார்ந்திருக்கிறது. பல்லாங்குழியில் நாம் போட்டு விளையாடிய அதே சோழி.

கைதவறி ஏதாவது உடைந்தால் பதறாதீர்கள். ‘ஸுவெய் ஸுவெய் பிங் ஆன்’ என்று உடனே சொல்லுங்கள். உடைவதும் ஸுவெய், வயதாண்டும் ஸுவெய். ஆண்டுதோறும் நலம் என்று வாழ்த்தாகிவிடும். போன ஆண்டு ஆண்ட்டியின் பேத்தி கண்ணாடிக் குவளையைத் தவறவிட்டபோது, வீட்டார் வாய்திறக்கும் முன் நான் சொல்லிவிட்டேன். ஆண்ட்டி என் தோளைத் தட்டிய தட்டு இன்னும் இனிக்கிறது.

பச்சை மீனும் துருவிய காய்களும் கலந்த ‘யூ ஷெங்’ தட்டைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்று, உணவுக்குச்சியால் உயரத் தூக்கிக் கலப்பார்கள். ‘லோ ஹெய்’ என்ற கேண்டனீஸ் பெயருக்கு அள்ளி மேலே தூக்கு என்று பொருள். இப்போது நாம் உண்ணும் வடிவம் 1960களில் சிங்கப்பூர்ச் சமையற்கலைஞர்கள் நால்வர் உருவாக்கியது என்பார்கள். மலேசியாவுக்கும் இதில் உரிமை பேச்சு உண்டு. ஒவ்வொரு பொருளும் விழும்போது ஒரு வாழ்த்து சொல்வார்கள். தெரியாவிட்டால் “ஹுவாட் ஆ!” போதும்.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நடங்கள்

கதவில் தலைகீழாக ஒட்டிய சிவப்புத் தாளைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது ‘ஃபூ’, நற்பேறு. தலைகீழ் என்பதற்கும் வந்துவிட்டது என்பதற்கும் ‘தாவ்’. பார்க்கிறவர் “ஃபூ தலைகீழாக இருக்கிறதே” என்றால் “நற்பேறு வந்துவிட்டது” என்று கேட்கும். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றலாம். மாண்டரினில் ஃபூ, ஹொக்கியனில் ‘ஹொக்’. பெயர்ப்பலகைகளில் ஹொக் வரும் இடங்களில் பெரும்பாலும் நற்பேறுதான். தெலுக் ஆயர் தெருவில் 1842இல் கட்டிமுடித்த தியென் ஹொக் கெங் கோயில், வானத்து நற்பேற்றின் மாளிகை. ஹொக்கியன் என்ற இனப் பெயரே ஃபூஜியென் மாநிலத்தின் பெயர். அங்கும் அதே ஹொக்.

அந்த மாநிலத்துத் துறைமுகம் சுவான்ஜோ. அங்கே 1281இல் சிவன் கோயில் எடுத்த தமிழ் வணிகர்கள் விட்டுப்போன தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இங்கே பல ஹொக்கியன் குடும்பங்களின் பூர்வீகம் அந்தச் சுவான்ஜோ வட்டாரம்தான். இதை எங்கள் நிலையத்துத் தாத்தா ஒருவரிடம் சொன்னபோது, “அப்படியானால் நம் முன்னோர் ஒரே கடைத்தெருவில் நடந்திருப்பார்கள்” என்றார். காலையில் நாம் குடிக்கும் தேநீரில் உள்ள ‘தே’யும் ஹொக்கியன் சொல்லே. மற்றப் பகுதிச் சீனர்கள் ‘சா’ என்பதிலிருந்து சாயா வந்தது.

ஒரு சனிக்கிழமை தெலுக் ஆயரில் தொடங்குங்கள். தியென் ஹொக் கெங்குக்கு அருகிலேயே, 1828க்கும் 1830க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா நிற்கிறது. அங்கிருந்து சைனாடவுனுக்கு நடங்கள். மாண்டரினில் அதன் பெயர் ‘நியு சே ஷுவெய்’. மாடு, வண்டி, தண்ணீர். மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்த காலம் பெயரில் தங்கிவிட்டது. பகோடா தெரு என்ற பெயர் நம் மாரியம்மன் கோயில் கோபுரத்தால் வந்தது. பிறகு வாட்டர்லூ தெரு. கருணைத் தெய்வமான குவான் இம் கோயிலுக்கு வந்த சீனர்கள் பக்கத்துக் கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுபத்தி ஏற்றி வணங்கிவிட்டுப் போவதைப் பார்க்கலாம்.

உறவுமுறை நமக்கு எளிது

பராமரிப்பு நிலையத்தில் என் முதல் வாரம். சக்கர நாற்காலியில் வந்த ஒரு மூதாட்டியிடம் “அம்மா, வாருங்கள்” என்று கை நீட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. “ஆ மா, ஆ மா” என்று தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஹொக்கியனில் ஆ மா என்றால் பாட்டி. நான் தாயாக அழைத்தேன், அவர் பேத்தியாக ஏற்றுக்கொண்டார். ஆறு ஆண்டு, அவர் மறையும்வரை, அப்படியே அழைத்தேன்.

உறவுச் சொற்களை ஆங்கிலம் வழியாகக் கற்காதீர்கள். அங்கிள் என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் கலங்கிவிடும். தமிழிலிருந்து நேரே போங்கள். தந்தையின் அண்ணன் ‘போ’, நம் பெரியப்பா. தந்தையின் தம்பி ‘ஷு’, சித்தப்பா. தந்தையுடன் பிறந்தவள் ‘கு’, அத்தை. தாயுடன் பிறந்தவன் ‘ஜியு’, தாய்மாமன். தாயின் சகோதரி ‘யி’, பெரியம்மாவோ சின்னம்மாவோ. ஹொக்கியன் முதியவரை ‘ஆ பெக்’ என்று அழைக்கிறார்களே, அது பெரியப்பாதான்.

பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்கு ‘தாங்’ என்ற முன்சொல் சேரும். தாங் என்றால் கூடம். ஒரே கூடத்தில், ஒரே குடும்பப்பெயரில் பிறந்தவர்கள், நம் பங்காளிகள். அத்தை, மாமன் பிள்ளைகளுக்கு ‘பியாவ்’, வெளிப்புறம் என்று பொருள். பழங்காலத்தில் பியாவ் முறையில் திருமணம் செய்தார்கள், தாங் முறையில் செய்யவில்லை. இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியம்மா பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை, அவர்களுக்கோ பியாவ். தாய்வழிப் பாட்டி மாண்டரினில் ‘வாய் போ’. வாய் என்றால் வெளி. வளர்த்து ஆளாக்கிய பாட்டிக்கு வெளி என்ற பெயரா என்று எனக்கு இன்றும் மனம் கசிகிறது. வழக்கம் தந்தைவழியைச் சுற்றியே கட்டப்பட்டது என்பதை இந்தச் சொல் மறைக்காமல் சொல்கிறது.

வெள்ளையும் எண்ணும்

துக்க வீட்டுக்குப் போகும்போது கவனம் கூடுதலாக வேண்டும். சிவப்பு உடுத்தக் கூடாது. வெள்ளை, கறுப்பு, கருநீலம் போதும். பணத்தை வெள்ளை உறையில் வைத்துக் கொடுங்கள். ஹொக்கியனில் அதை ‘பெக் கிம்’ என்பார்கள், வெள்ளைப் பொன். தொகை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், துயரம் இணையாக வந்துவிடக் கூடாது என்று. கிளம்பும்போது ‘ஸாய் ஜியென்’ சொல்லாதீர்கள். மறுபடி பார்ப்போம் என்ற பொருளுடைய சொல் அது. சிவப்பு நூலும் மிட்டாயும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், துக்கத்தின் நிழல் உங்களோடு வராமல் இருக்கத்தான் அவை.

மகிழ்ச்சியான நிகழ்ச்சிக்கு எல்லாம் மாறும். சிவப்பு உறை, அங் பாவ். இரட்டைப்படைத் தொகை. ஆனால் நான்கு கூடாது, நான்கும் சாவும் ஒலியில் அருகருகே இருக்கின்றன. எட்டு சிறப்பு, கேண்டனீஸில் அது செழிப்பை நினைவூட்டும். தமிழர்கள் சறுக்கும் இடம் இதுதான். மொய் என்றால் 51, 101 என்று எழுதிப் பழகியவர்கள் நாம். சீனத் திருமணத்தில் 101 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கொடுத்தால் கருமாதிக் கணக்குப் போலத் தெரியும். அந்த ஒரு வெள்ளியை எடுத்துவிடுங்கள்.

எப்போது கேட்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். புத்தாண்டுப் பதினைந்து நாளிலும் நோயாளி இருக்கும் வீட்டிலும் தீய சொற்களுக்கு விளக்கம் கேட்காதீர்கள். விளக்குவதற்காக அவர்கள் அந்தச் சொல்லை உச்சரிக்க வேண்டியிருக்கும். சாதாரண நாளில், டீக்கடையில் கேளுங்கள். “ஜியா பா புவே?” என்று பேச்சைத் தொடங்கலாம். சாப்பிட்டாயிற்றா என்று பொருள். நம்மைப் போலவே அதுதான் அவர்களுக்கும் நலம் விசாரிப்பு. பிழைப்புக்கு ‘சோற்றுக் கிண்ணம்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். பிறர் பிழைப்பைக் கெடுப்பதைக் கிண்ணத்தை உடைப்பது என்பார்கள், நாம் வயிற்றில் அடிப்பது என்கிறோமே, அதுபோல. இளையவர்கள் சிலர் இவற்றையெல்லாம் பொருட்படுத்த மாட்டார்கள். அந்த வீட்டில் அந்த வீட்டு வழக்கப்படியே நடங்கள்.

நம் சொற்களையும் அவர்களிடம் சொல்லுங்கள். மொய்யில் ஒன்று ஏன் கூடுகிறது என்று ஆண்ட்டி ஒருநாள் கேட்டார். முழுத் தொகையோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது, உறவு தொடர வேண்டும் என்பதற்காக ஒன்று என்று சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். 2019இல் என் மகள் திருமணத்துக்கு வந்தபோது இரண்டு அங் பாவ் கொடுத்தார். ஒன்றில் நூறு வெள்ளி. மற்றொன்றில், எட்டுக் கோணம் பொறித்த ஒரு வெள்ளி நாணயம்.